காதுக்கு எட்டுவது எவ்வளவு?

நம் ஊர்களில் ஒரு வீணை வாங்க வேண்டுமென்றால் யாரும் தனியாகப் போவதில்லை. வித்துவான் ஒருவரையாவது, சுருதி ஞானமுள்ள உறவினர் ஒருவரையாவது உடன் அழைத்துக்கொண்டு போவார்கள். அவர் தந்தியை மீட்டிப் பார்ப்பார். குடத்தைத் தட்டிப் பார்ப்பார். மெட்டுக்களின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார். கடைசியில் அவர் தலையை அசைத்த பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். கடைக்காரர் சொல்லும் வார்த்தைகளுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

இக்காலத்தில் சங்கீதம் கேட்பதற்கென்று விற்கப்படும் நூதனக் கருவிகளின் விஷயம் அப்படியல்ல. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஆனாலும் சரி, சிதம்பரம் மேலவீதியில் ஆனாலும் சரி, ஒரு சிறு பெட்டியைக் கையில் கொடுத்து, "இதில் 32 பிட் இருக்கிறது, 768 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், நாம் வாயடைத்துப் போகிறோம். தட்டிப் பார்க்க அதில் குடம் இல்லை. மீட்டிப் பார்க்கத் தந்தியும் இல்லை. எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்து விடுகிறோம்.

கடைக்காரர்கள் 'டாக்' என்று சொல்லும் அந்தக் கருவியைப் பற்றியே இந்த வாரம் எழுத எண்ணுகிறேன். டெலிபோனிலும் கணினியிலும் எண்களாகப் பதிந்து கிடக்கும் சங்கீதத்தை, ஹெட்போனை அசைக்கக்கூடிய மின்சார அலையாக மாற்றித் தருவதே அதன் தொழில். அது வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நேயர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ள இயலும். அதற்கு வேண்டிய கணக்கு, உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு மேற்பட்டதல்ல.

எண்கள் நாதமாகும் விதம்

பாடகர் பாடும்போது காற்றில் அலை எழுகிறது. மைக் அந்த அலையை மின்சார அலையாக்குகிறது. அந்த அலையின் உயரத்தை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. இந்த யுக்தியை அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேய எஞ்ஜினீயர் 1937-இல் டெலிபோன் பேச்சுக்காகக் கண்டுபிடித்தார். எத்தனை தடவை அளந்தால் போதும் என்பதற்கு நைக்விஸ்ட் 1928-இலும், ஷானன் 1949-இலும் எழுதிய ஆராய்ச்சிகள் விடை கூறின. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்த அலையைக் குறைவின்றித் திரும்ப உண்டாக்கிவிடலாம் என்பதே அந்த விதி.

மனிதச் செவி கேட்கக்கூடியது ஏறக்குறைய 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரையில். அதுவும் இளமையில்தான், வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஆகவே 1982-இல் ஜப்பானில் முதன் முதலாக விற்பனைக்கு வந்த ஸி.டி. இசைத்தட்டுக்கு, விநாடிக்கு 44,100 தடவை அளப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது, 65,536 படிகளுள் ஏதேனும் ஒன்று. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெஸிபெல் வீதம் 16 பிட்டுக்கு 96 டெஸிபெல். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் நடுவே அவ்வளவு தூரம் கிடைக்கிறது.

இந்த 96 என்பது எவ்வளவு பெரிது என்று பாருங்கள். நிசப்தமான இரவில், மின்விசிறி கூட ஓடாத ஓர் அறையில், சுமார் 30 டெஸிபெல் ஓசை எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும். அதற்கு மேல் 96-ஐக் கூட்டினால் 126. அந்த அளவு ஒலி காதுக்கு நோவை உண்டாக்குவது. ஆகவே, கேட்பதற்கு 16 பிட் தாராளமாகப் போதும். பதிவு செய்கிறவர்கள் 24 பிட் உபயோகிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் பதிவு கெடாமலிருக்க அவர்களுக்கு இடம் வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு பிரமையையும் இங்கே நீக்கிவிட வேண்டும். டிஜிட்டல் ஒலி மாடிப்படி போலத் துண்டு துண்டாக இருக்கும் என்றும், விலையுயர்ந்த கருவியே அந்தப் படிகளை மழமழப்பாக்கும் என்றும் சிலர் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஒழுங்காகச் செய்த எந்த டாக்கிலும், எண்களை அலையாக்கிய பின் வடிகட்டி ஒன்று வேலை செய்கிறது. வெளியே வரும் அலை வழுவழுப்பான அலைதான். மாடிப்படி படத்தில் மட்டும் இருக்கிறது.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது

டாக் என்பது புதிதாக வந்த பொருள் என்று எண்ண வேண்டாம். பேசும் டெலிபோன் ஒவ்வொன்றிலும், மடிக்கணினி ஒவ்வொன்றிலும், டெலிவிஷனிலும் ஒரு டாக் உள்ளே இருக்கிறது. இல்லாவிட்டால் அவை பேசவே மாட்டா. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஹெட்போனுக்குள்ளேயே டாக் இருக்கிறது. அவர்கள் டெலிபோனுக்கென்று தனியாக ஒன்று வாங்கினால் அது பெட்டியில் உறங்கும்.

அப்படியானால் தனி டாக் யாருக்குத் தேவை? மூன்று வகையாருக்கு என்று சொல்லலாம்.

முதலாவது, டெலிபோனில் ஹெட்போன் செருகும் துவாரமே இல்லாதவர்கள். ஆப்பிள் கம்பெனி 2016-இல் தன் ஐபோன் 7-இல் அந்தத் துவாரத்தை எடுத்துவிட்டது; மற்றக் கம்பெனிகள் பலவும் பின்தொடர்ந்தன. இவர்களுக்கு யு.எஸ்.பி. முனையில் செருகும் விரல் நீளக் கருவி ஒன்று அவசியமாகிறது. வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதற்குள்ளே டாக் இருக்கிறதா, அல்லது வெறும் கம்பிதானா?" சில இணைப்பான்களுக்குள் ஒன்றுமே இல்லை. டெலிபோனே அலையாக மாற்றித் தந்தால்தான் அவை வேலை செய்யும். பல டெலிபோன்கள் அப்படித் தருவதில்லை.

இரண்டாவது, துவாரம் இருந்தும் அதில் இரைச்சல் கேட்பவர்கள். மடிக்கணினிக்குள் விசிறியும் மின்சாரச் சாதனங்களும் நெருங்கியிருப்பதால், அவற்றின் கீச்சொலி ஒலி வரும் வழியில் கலந்துவிடும். டாக்கை வெளியே கொண்டு வந்தால் அந்த இரைச்சல் பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவது, ஹெட்போனுக்குப் போதிய பலம் கிடைக்காதவர்கள். இவர்களுக்கு உண்மையில் வேண்டியது டாக் அல்ல, ஆம்பிளிஃபையர். சிறு கருவிகளில் இரண்டும் சேர்ந்தே வருவதால் பெயர் குழம்பிப் போயிற்று.

இம்மூன்றிலும் சேராதவர்கள், 'இருக்கிறது போதும்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த பாட்டைக் கேட்கலாம்.

பார்க்க வேண்டிய மூன்று கணக்குகள்

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, உள்ளே சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும்.

முதற்கணக்கு வோல்ட். ஹெட்போனின் தடை 32 ஓம் என்றும், 1 மில்லிவாட்டுக்கு 100 டெஸிபெல் ஒலி தரும் என்றும் வைத்துக்கொள்வோம். டாக் 1 வோல்ட் கொடுத்தால், வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க, 31 மில்லிவாட் ஆகிறது. ஒலி ஏறக்குறைய 115 டெஸிபெல். இது தேவைக்கு மிக மிக அதிகம். அதே 1 வோல்ட்டை, 300 ஓம் தடையும் 97 டெஸிபெல் திறனும் உள்ள ஹெட்போனுக்குக் கொடுத்தால் 3.3 மில்லிவாட்தான், ஒலி 102 டெஸிபெல். வீட்டில் கேட்பதற்கு இதுவும் போதும். ஆனால் மிக மெதுவாகப் பதிந்த கச்சேரிகளுக்குச் சற்றுக் குறையலாம். அப்போது 2 வோல்ட் தரும் கருவியாகப் பார்த்து வாங்கினால் 6 டெஸிபெல் கூடுதலாகக் கிடைக்கும். ஸென்ஹைஸர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் கடைகளில் சாதாரணமாக விற்பவை 16 ஓம், 32 ஓம் வகைகளே.

இரண்டாவது கணக்கு, டாக்கின் வெளியேற்றத் தடை. அது ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நலம். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். 16 ஓமுக்கு 2 ஓம். ஹெட்போனின் தடை எல்லா ஸ்வரங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மந்தரத்தில் ஒன்று, தாரத்தில் ஒன்று என்று மாறும். டாக்கின் தடையும் பெரிதாக இருந்தால், மின்சாரம் பங்கிடப்படும் விகிதம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறி, ஒலியின் நிறமே மாறிப் போகும். டாக்குகளுக்குள் காதுக்குத் தெளிவாகத் தெரியக்கூடிய வித்தியாசங்களில் இது முக்கியமானது. ஆனால் அட்டையில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

மூன்றாவது, பொருத்தம். ஒரு டெலிபோனில் நன்றாக வேலை செய்யும் கருவி, மற்றொன்றில் மௌனம் சாதிக்கலாம். ஆப்பிளின் சிறு இணைப்பான் மலிவானது, அளவைகளில் சிறந்தது; ஆனால் சில ஆண்டிராய்டு டெலிபோன்களில் அதன் முழு ஒலி வருவதில்லை. ஆகையால் உங்கள் டெலிபோனைக் கையில் கொண்டு போய்ச் செருகிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கடலோர ஜில்லாக்காரர்களாகிய நமக்கு இன்னும் இரண்டு யோசனைகள். உப்புக் காற்றில் செருகும் முனைகள் சீக்கிரம் களிம்பு ஏறிக் கரகரவென்று சத்தமிடும். கருவி கெட்டது என்று தூக்கி எறியுமுன் முனையைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மேலும், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடந்த பிறகு நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்த ஊர்கள் நம்முடையவை. சுவரில் தனியாக மின்சாரம் கேட்கும் மேஜைக் கருவியைவிட, டெலிபோனின் மின்சாரத்திலேயே ஓடும் சிறு கருவி நமக்குத் தோதானது.

பணம் கொடுக்க வேண்டாத விசேஷங்கள்

32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண்களைப் பற்றி மேலே கணக்குப் பார்த்தோம். காதுக்கு எட்டாத இடத்தில் கட்டிய மாடிகள் அவை. 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு பரிசோதனை நடத்தி வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவுகளை நேராகவும், ஸி.டி.யின் 16 பிட், 44,100 அளவுக்குக் குறுக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். எது எது என்று சொல்லாமல் கேட்டபோது, 554 தடவைகளில் 276 தடவை விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைத்திருக்கும்.

'எம்.க்யூ.ஏ.' என்று ஓர் ஏற்பாடு சில வருஷங்களுக்கு முன் மிகவும் புகழப்பட்டது. அந்த முத்திரை உள்ள கருவிகளை அதற்காகவே பலர் வாங்கினார்கள். 2023-இல் அந்தக் கம்பெனியே கடன் நிர்வாகத்துக்குள் போய்விட்டது. இன்று முத்திரைக்காகக் கொடுக்கும் பணம் நாளைக்குப் பிரயோஜனப்படுமா என்பது நிச்சயமில்லை.

உள்ளேயிருக்கும் சில்லின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவதும் உண்டு. இந்தச் சில்லுகளை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள சில கம்பெனிகளே பெரும்பாலும் வகுத்துத் தருகின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா நகரில் இருந்த ஏ.கே.எம். கம்பெனியின் தொழிற்சாலை தீப்பற்றியபோது, பல கருவிக் கம்பெனிகள் வேறு சில்லுக்கு மாறித் தங்கள் கருவிகளைத் திருத்தி அமைத்தன. சில்லைச் சுற்றிச் செய்த வேலை செம்மையாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒரே அரிசியை இரண்டு வீடுகளில் வடித்தால் இரண்டு விதமாகத்தானே இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதைக் கேட்கப் போகிறோம் என்பதை நினைக்க வேண்டும். நம்மில் பலர் ஆவலோடு தேடிக் கேட்பவை, நிமிஷத்துக்கு 78 தடவை சுழன்ற பழைய அரக்குத் தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியானாலும், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை போதித்த தண்டபாணி தேசிகர் 1942-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் பாடியவையானாலும், அக்காலத்து மைக்கும் மெழுகும் பிடித்து வைத்த அளவுதான் அவற்றில் உண்டு. மேல் ஸ்தாயியின் நுட்பமான அதிர்வுகளில் பெரும்பகுதி தட்டில் ஏறவே இல்லை. ஏறிய இடத்தில் ஊசியின் உராய்வும் சேர்ந்து ஏறிவிட்டது. இலட்ச ரூபாய்க் கருவியானாலும் தட்டில் இல்லாததை எங்கிருந்து கொண்டு வரும்?

ஓதுவார் ஐயா செய்த பரீட்சை

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்பவர்களுக்காக, நான் கண்ட ஒரு பரீட்சையைச் சொல்கிறேன்.

புவனகிரிப் பக்கத்தில் ஒரு சிறு கோயிலில் தேவாரம் ஓதும் பெரியவர் ஒருவர். அவருடைய பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; இப்போது சிதம்பரத்தில் வாய்ப்பாட்டுப் பயில்கிறாள். பாடம் கேட்க அவளுக்கு ஒரு பழைய மடிக்கணினியும், ஒரு பக்கம் மெத்தை கிழிந்த ஹெட்போனும் இருந்தன. சுருதி ஓசையோடு ஓர் இரைச்சலும் கலந்து வருகிறது என்று அவளுக்குக் குறை. கடையில் விசாரித்ததற்கு, பதினையாயிரம் ரூபாயில் மேஜை மேல் வைக்கும் டாக் ஒன்றைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

"பாப்பா கேட்கிறது, ஸார். விடுதிப் பணத்துக்கென்று வைத்திருப்பதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். வாங்காவிட்டால் அதன் படிப்புக்குக் குறைவு வருமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார் அவர்.

"எப்போது இரைகிறது, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"சார்ஜ் போட்டிருக்கும்போது அதிகம், ஸார். கழற்றினாலும் கொஞ்சம் இருக்கிறது."

சார்ஜரைக் கழற்றிப் பார்த்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம், கணினிக்குள்ளிருந்து வரும் கீச்சொலி. என் நண்பரிடமிருந்து விரல் நீள டாக் ஒன்றை இரவல் வாங்கி யு.எஸ்.பி. துவாரத்தில் செருகினோம். அதுவும் நின்றது. கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்ச் சாமான்.

ஆனால் பெண்ணின் மனம் சமாதானமாகவில்லை. "பெரியதில் இன்னும் நன்றாக இருக்குமோ?" என்றாள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. அதே நண்பரிடம் விலையுயர்ந்த மேஜை டாக்கும் இருந்தது. அதையும் கொண்டு வந்தோம்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். இரண்டு கருவிகளில் எது சற்றுப் பலமாக ஒலிக்கிறதோ அதுவே உயர்ந்ததாகத் தோன்றும். காதின் இயல்பு அது. ஆகவே முதலில் இரண்டையும் சமன் செய்ய வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும். 400 அதிர்வுள்ள ஓர் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் முனையில் இரண்டு கருவிகளும் ஒரே மின்னழுத்தம் தரும்படி ஒலியளவைத் திருப்பி வைத்தோம். நூற்றுக்கு 1 பங்கு வித்தியாசத்துக்குள் நிறுத்திவிட்டால், ஒலியில் 0.1 டெஸிபெல் அளவே மாறும்.

பிறகு, ஓதுவார் ஐயாவை முதுகைத் திருப்பி உட்காரச் சொன்னோம். முதலில் எது சிறியது, எது பெரியது என்று சொல்லியே வேண்டிய மட்டும் கேட்கவிட்டோம். அதன் பின், நாணயத்தைச் சுண்டி, தலையானால் ஒன்று, பூவானால் மற்றொன்று என்று பத்துத் தடவை மாற்றினோம். நாற்பது வருஷமாகப் பண்ணோடு பழகிய செவி அவருடையது. ஆறு தடவை சரியாகச் சொன்னார். நான்கு தடவை தவறினார்.

வெறும் ஊகத்தினாலேயே பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ சரியாக வருவது 18 பேரில் ஒருவருக்கு நேரும். ஒன்பதோ பத்தோ வருவது 93 பேரில் ஒருவருக்குத்தான். ஒன்பது வந்திருந்தால், பெரிய கருவியில் ஏதோ இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆறு என்பது ஊகத்துக்கு அடுத்த வீடு.

அவர் சொன்னது எனக்குக் கணக்கைவிட முக்கியமாகப் பட்டது. "பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடம் இரண்டிலும் தெரிகிறது, கமகம் அசைகிற அசைவும் தெரிகிறது. பிள்ளை பாடம் பண்ண அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார்.

அதே முறையில், பெண்ணின் பழைய ஹெட்போனையும் நண்பருடைய ஹெட்போனையும் மாற்றிக் கொடுத்தோம். அதற்கு நாணயமும் வேண்டியிருக்கவில்லை, பத்துத் தடவையும் வேண்டியிருக்கவில்லை. ஒரே தடவையில், "தம்புராவின் மந்தர ஷட்ஜம் இப்போதுதான் முழுசாக வருகிறது" என்றாள் பெண்.

பணத்தைப் பங்கிடும் விதம்

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பதிவு, டாக், ஆம்பிளிஃபையர், ஹெட்போன், காது என்று ஒலி வரும் சங்கிலியில், எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் பணம் போக வேண்டும். எண்ணை அலையாக்கும் வித்தை நாற்பது வருஷங்களில் மிகவும் தேர்ந்து, மலிவாகிவிட்டது. மின்சார அலையைக் காற்றலையாக்கும் வித்தை இன்னும் கடினமானது; தோல், மெத்தை, காந்தம், காதின் அமைப்பு எல்லாம் அதில் சேருகின்றன. ஆகவே ஹெட்போன்களுக்குள் வித்தியாசம் மலையும் மடுவும். டாக்குகளுக்குள் வித்தியாசம் கடுகளவு.

செலவழிக்க ஆறாயிரம் ரூபாய் வைத்திருப்பவர், ஐயாயிரத்தை ஹெட்போனுக்கும் ஆயிரத்தை டாக்குக்கும் கொடுக்கட்டும். அதிகத் தடையுள்ள ஹெட்போன் வைத்திருப்பவர், இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள் பலமான சிறு கருவி ஒன்றை வாங்கலாம். ஃபியோ போன்ற கம்பெனிகள் அந்த வகையில் செய்கின்றன. விலைகள் மாறக்கூடியவை, விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுப்பவர்கள் பெட்டியின் அழகுக்கும், திருகும் குமிழின் சுகத்துக்கும் கொடுக்கிறார்கள். அதுவும் ஒரு சந்தோஷம்தான். ஆனால் அது சங்கீதச் செலவு என்று வீட்டுக் கணக்கில் எழுத வேண்டாம்.

ஓதுவார் ஐயா அப்படியே செய்தார். சிறு டாக் ஒன்றும், மெத்தை நல்லதான கம்பி ஹெட்போன் ஒன்றும் வாங்கினார்கள். மிச்சம் ஒன்பதாயிரம் தபாலாபீஸ் கணக்குக்கே திரும்பிப் போயிற்று. பெண்ணின் விடுதிப் பணம் அது.

காதும் ஒரு கருவி

சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றவை கெட்டால் மாற்றலாம். இது கெட்டால் மாற்ற வழியில்லை. உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கால்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெஸிபெலுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெஸிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 90-க்கு வாரத்தில் 4 மணிதான். மேலே 115 டெஸிபெல் என்று ஒரு கணக்குப் போட்டோமே, அது ஆயிரம் ரூபாய்க் கருவிக்கே எட்டக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். பலம் போதவில்லை என்று பெரிய ஆம்பிளிஃபையர் தேடுகிறவர்கள், முதலில் காதுக்குப் பலம் குறைந்து வருகிறதோ என்று விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். அறையின் மறு கோடியிலிருந்து தாயார் சாதாரணக் குரலில் கூப்பிட்டது பிள்ளைக்குக் காதில் விழவில்லையென்றால், ஒலி அதிகம் என்று அர்த்தம்.

வெளிச் சத்தம் அதிகமுள்ள பஸ்ஸில் போகும்போதுதான் நாம் குமிழை மிகவும் திருகுகிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ஒரு மணி நேரத்தில் பஸ் ஹாரனோடு போட்டியிட்டுப் பாட்டுக் கேட்பது, பாட்டுக்கும் மரியாதையல்ல, காதுக்கும் க்ஷேமமல்ல. காதை நன்றாக மூடும் மெத்தையுள்ள ஹெட்போன் இருந்தால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். ஹெட்போனுக்குப் பணம் கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நேயர்கள் கடைக்குப் போகும்போது மூன்று பொருள்களைக் கொண்டு போக வேண்டுகிறேன்: தங்கள் டெலிபோன், தங்கள் ஹெட்போன், தங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பாட்டு. எண்களைக் கடைக்காரர் சொல்லட்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டு, தீர்ப்பைக் காது சொல்லட்டும்.